ஒரே உத்தரம்

அய்ய, அத்த எடுக்காதீங்க சார். பாக்க சோக்காதான் கீது, இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்க நின்னுகினு மேலருந்து பாக்கறீங்க. மேலருந்து பாத்தா எல்லா மரமும் நேராதான் தெரியும். குந்துங்க. முட்டி போட்டே குந்துங்க, பேண்ட்டு தூசியானா தட்டிக்கலாம். ஆங். இப்ப ஒரு கண்ண மூடிகினு, இந்த முனையில மூக்க வெச்சிகினு, ஓரத்தோடவே அந்த முன வரைக்கும் பார்வய ஓட்டுங்க. தெர்தா? வாழக்கா மாரி கீதா? அதான்.

வளஞ்சதெல்லாம் ஆவாதுன்னு இல்ல சார். லேசா ஒரே பக்கமா வளஞ்சிருந்தா, அந்த முதுகு மேல வர்ர மாரி போட்டுட்டா போதும், பாரம் ஏற ஏற நேராயிடும். ஆனா இது வளஞ்சது மட்டும் இல்ல, முறுக்கிகினும் கீது. முறுக்கிகினு போன மரத்த ஒண்ணியும் பண்ண முடியாது. எங்கூட்ல ஒர்த்தர் அப்டி கீறாரு, அதான் எனுக்கு பாத்தவொடனே தெரிஞ்சிச்சி.

இல்ல, நான் கடக்காரன் இல்ல. உங்கள மாரி மரம் எடுக்க வந்தவன்தான். எம்பேரு இளங்கோ. சேக்காடு. கடயில இப்ப யாரும் இல்ல சார், சாப்ட போயிக்கீறாங்க. சபீனா மேடம் வந்தாதான் வேல நடக்கும். ஓனரு பேருக்குதான் ஓனரு, அவரே ஒரு பலவ எடுக்கணும்னா அந்தம்மாவ கேட்டுதான் எடுப்பாரு. கொஞ்ச நேரம் ஆவும். அந்த அடுக்கு மேல குந்துங்க. ஆணி கீதான்னு பாத்து குந்துங்க.

நீங்க இன்னாத்துக்கு எடுக்கறீங்க? காபி கடயா. பூந்தமல்லியிலயா? சரி சரி. முன்னால மரத்துல பந்தல் மாரி போட்டு செடி ஏத்தி வுடப்போறீங்க. அதுக்கு பைன் மரமே போதும் சார். எவனாச்சும் வந்து தேக்குல போடுன்னு உதாரு வுடுவான், காதுல வாங்காதீங்க. காபிய மரமா ஆத்தப்போவுது. ஆனா ஒண்ணு, மழையில நனையிற எடம்னா மருந்து ஏத்துன மரமா கேட்டு வாங்குங்க. லேசா பச்ச அடிக்கும். கரையான் ஒரு கடி கடிச்சி பாத்துட்டு, வாய தொடச்சிகினு பக்கத்து கடைக்கு பூடும்.

எனுக்கு எப்டி தெரியும்னா, நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில பேக்கிங் செக்சன். வெளிநாட்லருந்து மிஷினுங்க பெரிய பெரிய பொட்டியில வரும்ல, அந்த பொட்டிங்கள ஒடக்கிறதே நாந்தான். அதெல்லாம் பைன் மரம்தான். எத்தினி வருசமா ஒடக்கிறேன். வாசனய வெச்சே சொல்லுவேன் சார், ஈரம் கீதா, காஞ்சிடுச்சான்னு. ஈர மரம் மூக்குல குத்தும். காஞ்ச மரம் லேசா, இனிப்பா வரும். எங்கூட்டம்மா தேவிப்பிரியா ஒத்துக்க மாட்டா. நான் வேல வுட்டு வந்தாலே, இன்னாயா ஆஸ்பத்திரிய கழுவிட்டு வர்ரியா, பினாயில் நாத்தம் நாறுதுன்னுவா.

ஈர மரத்த மட்டும் எடுத்துடாதீங்க. இன்னிக்கி நேரா நிக்கும். மாட்டி வெச்சப்பறம் காயும்போது அது இஷ்டத்துக்கு திரும்பும். நீங்க கடைய தெறந்து வெச்சிகினு காபி போட்டுகினு இருப்பீங்க, பந்தலு அயனம்பாக்கம் ஏரிய பாத்து திரும்பி நிக்கும்.

எனுக்கா? எனுக்கு ஊட்டு மாடிக்கு சார். அது பெரிய கத. நேரம் கீதுல்ல, சொல்றேன். கொஞ்சம் இப்டி வந்து குந்துங்க, அங்க குந்தினா கேக்காது.

சேக்காட்ல எங்கப்பா கட்ன ஊடு. கீழ காங்கிரீட் தளம் போட்டது. அதுல பாதி எங்கண்ணனுக்கு, பாதி எனுக்கு. நடுவுல கீழருந்து மேல மாடி வரைக்கும் ஒரு செவுரு. செவுரு அப்பா கட்னது இல்ல, அப்பால நாங்க கட்னது. அவுரு பக்கம் பச்ச பெயிண்ட்டு, எம்பக்கம் ரோஸு. மேல மாடியில இரும்பு பைப்பு நட்டு ஷீட்டு போட்டிருந்தோம், அவங்கவங்க பக்கம் அவங்கவங்களுது. பொயல் அடிச்சிது பாருங்க, அதுல ரெண்டும் பிச்சிகினு பூட்ச்சி. எங்க பூட்ச்சின்னா, அவுரு ஷீட்டு வந்து எம்பக்கம் உழுந்துச்சி, என் ஷீட்டு போயி அவுரு பக்கம் உழுந்துச்சி. மாத்திக்கலாம்தான். ஆனா மாத்திக்கணும்னா பேசணும்ல. நாங்கதான் பேசறது இல்லியே. ரெண்டு ஷீட்டும் அப்டியே துரு புடிச்சி பூட்ச்சி.

ஆமா சார், பேசறது இல்ல. எங்கண்ணன் பொண்ணு பெரிய மனுஷி ஆனதுலருந்து பேச்சு இல்ல. இப்ப அந்த பொண்ணு படிச்சி முடிச்சி வேலைக்கே போவுது, அப்ப பாத்துக்கோங்க.

இன்னா சண்டைன்னா, பேனரு. சிரிக்காதீங்க. மஞ்ச நீராட்டு விழாவுக்கு ரோட்டுல பெருசா பிளெக்ஸ் பேனரு வெச்சாரு. அதுல பொண்ணோட தாய்மாமன் கூலிங் கிளாஸ் போட்டுகினு நிக்கிறாரு, அவருக்கு பின்னால ஒரு சிங்கம். எங்கண்ணன் போன காதுல வெச்சிகினு நடந்து வர்ராரு, பின்னால ஏரோபிளேன். நான் எங்க கீறேன்னு தேடறேன். கீழ ஓரத்துல ஒரு வட்டத்துல கீறேன். அந்த வட்டத்து மேலயே வருக வருகன்னு எழுதி கீறான். நெத்தியில ஒரு வருக, வாயில ஒரு வருக. நடுவுல மூக்கு மட்டும் தெர்து. வர்ர ஜனமெல்லாம் பேனர பாக்குது, என் மூஞ்சிய பாக்குது, மூக்க வெச்சி கண்டுபுடிக்குது. இன்னா இதுன்னு எங்கண்ணன்கிட்ட போயி கேட்டேன். மூஞ்சி தெரிஞ்சா மட்டும் இன்னா ஆவப்போவுதுன்னுட்டாரு.

பொறவு நான் இன்னா பண்ணேன், ஒரு பிளேடு எடுத்தும்போயி அந்த வட்டத்த அறுத்து எடுத்துட்டேன். என் மூஞ்சி, நான் எடுத்துகினேன். பேனர்ல ஓட்ட வுழுந்துச்சி. அந்த ஓட்டயில காத்து பூந்து விசில் அடிக்க ஆரம்பிச்சிடுச்சி சார். அய்யரு மந்திரம் சொல்றாரு, பேனரு விசில் அடிக்கிது. அவுரு மந்திரத்த நிறுத்தி நிறுத்தி பாக்கறாரு. எங்கண்ணன் அத்தோட பேச்ச நிறுத்திட்டாரு. நானும் நிறுத்திட்டேன். அப்பால செவுரு.

ஆனா பாருங்க, பேசறது இல்லன்னா விஷயம் தெரியாம இருக்காது. எங்கண்ணன் வீரராகவன், அண்ணனூர் ரயில் ஷெட்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. காலையில வண்டிய தொடைக்கும்போது வண்டிகிட்டயே சொல்வாரு. ஏ வண்டி, சில பேரு மோட்டார போட்டுட்டு தூங்கிடறாங்க, மேல டேங்க்கு வழியிதுன்னு. நான் எழுந்து போயி மோட்டார நிறுத்துவேன். நான் எங்கூட்டு மிக்சிகிட்ட சொல்வேன். குடும்ப வாட்ஸாப் குரூப்புலயும் அப்டிதான். அவுரு பொதுவா சொல்றேன்னு ஆரம்பிச்சி போடுவாரு. நான் பொதுவா பாத்தேன்னு போடுவேன். எங்கண்ணி வரலட்சுமி, அது ஒரு நாளு பொதுவா நான் அம்மா ஊட்டுக்கு போறேன்னு போட்டுட்டு நெஜமாவே கெளம்பி பூட்ச்சி. யாருக்கு சொல்லிச்சின்னு ரெண்டு ஊட்லயும் தெர்ல. ரெண்டு ஊட்லயும் சோறு ஆக்கி வெச்சிகினு குந்திகினு இருந்தோம்.

அண்ணன் பொண்ணு கிருஷ்ணப்பிரியா. அது சிவில் படிச்சி கீது. ஊடு பிளான் போட்டு தர்ர வேல. அது வந்து, சித்தப்பா, மேல ரெண்டு பக்கமும் சேத்து ஒரே கூரையா போட்டு நான் ஆபீஸ் வெக்கிறேன், உன் பக்கத்து மாடிய தர்ரியான்னு கேட்டுச்சி. அது கேட்டா நான் எங்கூட்டயே குடுப்பேன் சார். அது நல்ல பொண்ணு, ரெண்டு ஊட்லயும் சாப்டும். சித்தி செய்யற மீன் கொழம்புக்குதான் சித்தப்பான்னு கூப்புடுதோன்னு ஒரு டவுட்டு, ஆனா கூப்புடுதுல்ல. மேல காங்கிரீட் வாணாம், கீழ தூணு தாங்காது, மரத்துல சட்டம் கட்டி லேசா போடலாம், பைன் மரம் போதும்னு கணக்கு போட்டு சொல்லிச்சி. எப்டி பாக்கணும்னு எங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியா பாடம் எடுத்துச்சி. கணு எங்க கீது பாரு, முனையில வெடிப்பு கீதா பாரு, ஒரு கண்ண மூடிகினு பாருன்னு. நான் போயி மரம் எடுக்க மாட்டேன், நீங்க ரெண்டு பேரும்தான் எடுக்கணும், ரெண்டு பேருக்கும் புடிச்ச மரம்தான் மேல ஏறும்னுடுச்சி. அங்கதான் மாட்னோம்.

கணுவா? இந்த ரவுண்டா கருப்பா கீதே, கெள மொளச்ச எடம், அதான். பைன்ல கணு இல்லாம கெடைக்காது. நடுவுல சின்னதா இருந்தா வுட்டுடுங்க. அடி ஓரத்துல பெருசா இருந்தாதான் பேஜாரு. பாரம் வந்தா அங்கதான் இழுக்கும், அங்கதான் பொளந்துக்கும். அப்பால வெரல வெச்சி அழுத்தி பாருங்க. ஆடுச்சின்னா செத்த கணு, ஒரு நாளு பொத்துனு உழுந்து ஓட்டயாயிடும்.

எங்கண்ணன் இதெல்லாம் பாக்க மாட்டாரு. அவுரு ஷெட்ல எலக்ட்ரிக் ட்ரெயின் சக்கரத்த சுத்தியால தட்டி சத்தம் கேக்கற வேல பாத்தவரு. கணீர்னு கேட்டா நல்ல சக்கரம், டப்புனு கேட்டா விரிசல். மரத்தயும் அப்டியே தட்றாரு. ஊட்லருந்து சுத்தி எடுத்துகினு வந்து, தட்டி, காத வெச்சி, கண்ண மூடிகினு கேக்கறாரு. சபீனா மேடம் எனுக்கு அப்பால சொன்னாங்க. ஒரு மரத்த தட்டிட்டு, மேடம் இதுக்கு சளி கட்டி கீதுன்னாராம். உள்ள ஈரமாம். அந்தம்மா ஈரம் பாக்கற மீட்டர் எடுத்துகினு வந்து குத்தி பாத்தா, நெஜமாவே ஈரம். அன்னிலருந்து அவுருக்கு தல கால் புரியல. பக்கத்துல மரம் வாங்க வந்தவங்க மரத்தயெல்லாம் தட்டி பாத்து சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. ஒர்த்தரு கட்டில் வாங்க வந்தவரு, அவரு வாங்குன கட்டில தட்டிட்டு இது ரொம்ப நாள் தாங்காதுன்னுட்டாரு. அவரு புதுசா கல்யாணம் ஆனவரு. மொறச்சிகினு போனாராம்.

நாங்க சேந்து வரல. அவுரு காலையில வருவாரு, நான் ஷிப்ட்டு முடிச்சி சாயங்காலம் வருவேன். அவுரு தட்டி பாத்து நல்ல மரத்துக்கு சாக்பீஸ்ல ஒரு டிக்கு போட்டுட்டு போவாரு. நான் மோந்து பாத்து ஒரு வட்டம் போடுவேன். ரெண்டும் கீற மரம்தான் எங்க மரம்னு ஏற்பாடு. சபீனா மேடம்தான் ஏற்பாடு பண்ணாங்க. மொத ரெண்டு நாளு சூப்பரா போச்சி. அவுரு டிக்கு போட்டதுல முக்காவாசி நான் வட்டம் போட்டதுதான். அந்தம்மா போட்டோ புடிச்சி கிருஷ்ணப்பிரியாவுக்கு அனுப்புச்சி. அது சந்தோஷத்துல அத்த குரூப்ல போட்டுடுச்சி. அங்க கெட்டுச்சி.

மறுநாளு அவுரு வந்து பாக்கறாரு. தன் டிக்க சுத்தி என் வட்டம். இவனுக்கு புடிச்சது எனுக்கும் புடிச்சிருந்தா எங்கயோ தப்பு பண்ணிக்கீறேன்னு சொல்லிட்டு டிக்க எல்லாம் அழிச்சிட்டாரு. நான் சாயங்காலம் வந்து, டிக்கு இல்லாத மரத்துக்கு நான் மட்டும் எதுக்கு வட்டம் போடணும்னு என்னுத அழிச்சேன். அதுக்கு அடுத்த நாளு அவுரு, நான் அழிச்சத பாத்துட்டு மறுபடி டிக்கு போட்டாரு. இப்டியே போயிகினு இருந்துச்சி. கடசில சபீனா மேடம் சாக்பீஸ புடுங்கி டிராயர்ல வெச்சி பூட்டிட்டாங்க. ரெண்டு பேரும் கொழந்தைங்களா, இந்த கடைக்கு மரம் வெட்டின காடே அவ்ளோ கஷ்டப்பட்டிருக்காதுன்னு ஒரு புடி புடிச்சாங்க பாருங்க. அவுருக்கு காலையில, எனுக்கு சாயங்காலம். வார்த்த மாறாம அதே திட்டு.

அப்பால கைமரம் எல்லாம் அவங்களே பொறுக்கி ஒதுக்கிட்டாங்க. கைமரம்னா கூரைக்கு குறுக்கால போறது, சின்னது. இப்ப பாக்கி பெரிய உத்தரம் ஒண்ணுதான். அதுமேலதான் மொத்த கூரையும் குந்தும்.

அதுல இன்னா தகராறுன்னா, ஒரே உத்தரமா போடணும்னு நான் சொல்றேன். ரெண்டு துண்டா போடணும்னு அவுரு சொல்றாரு. ஊடு அகலம் இருவது அடி. ஒரே மரம்னா அந்த கோடி செவுத்துல ஆரம்பிச்சி, நடு செவுத்து மேல குந்தி, இந்த கோடி வரைக்கும் வரும். அவுரு சொல்ற மாரின்னா, அவுரு பக்கத்துக்கு ஒரு துண்டு, எம்பக்கத்துக்கு ஒரு துண்டு, ரெண்டும் நடு செவுத்து மேல மூக்கும் மூக்கும் வெச்சிகினு நிக்கும்.

எது நல்லதுன்னு கேக்கறீங்க. ஒரே மரம்தான் சார் நல்லது. யார வேணா கேளுங்க. மூணு செவுத்து மேல ஒரே உத்தரம் குந்திச்சின்னா, இந்த பக்கம் பாரம் வந்தா அந்த பக்கம் கொஞ்சம் தூக்கி புடிச்சிக்கும். அந்த பக்கம் தொங்கினா இது தாங்கும். துண்டு துண்டா போட்டா, இது வளஞ்சி ஒடஞ்சா கூட அதுக்கு தெரியாது. அது பாட்டுக்கு குந்திகினு இருக்கும். அதுவும் இல்லாம நாங்க கட்ன நடு செவுரு கோவத்துல கட்னது சார். ஒத்த கல்லு வெச்சி அவசரத்துல ஏத்திட்டோம். அதுமேல ரெண்டு முன வந்து குந்தறதுக்கு எடம் எங்க கீது? நான் இத்த சபீனா மேடம் வழியா சொல்லி அனுப்பிச்சேன். அவுரு சபீனா மேடம் வழியா, இருவதடி மரத்துல நேரா ஒண்ணு காட்டட்டும் பாக்கலாம்னு சொல்லி அனுப்பிச்சாரு. அந்தம்மா ரெண்டு வார்த்த நடுவுல வுட்டுட்டுதான் சொல்வாங்க. நான் சொன்னதுல இன்னா வுட்டாங்கன்னு தெர்ல, அவுரு சொன்னதுல ஒரு கெட்ட வார்த்த வுட்டிருப்பாங்க.

கெடச்சிது சார். போன ஞாயித்துகெழம லோடு வந்துச்சி, அதுல ஒண்ணு. இருவதடி. ஓரத்துல கணு இல்ல, முனையில வெடிப்பு இல்ல. கிருஷ்ணப்பிரியா போன் பண்ணி, ரெண்டு பேரும் இன்னிக்கே போயி ஒரே நேரத்துல பாருங்க, ஒரு முனையில அப்பா, ஒரு முனையில சித்தப்பா, இல்லேன்னா நான் ஆபீஸே வெக்க மாட்டேன்னு சொல்லிடுச்சி. போனோம். லோடு பசங்க மரத்த ரெண்டு கட்ட மேல தூக்கி வெச்சானுங்க. நான் இந்த முனையில குந்தினேன். ஒரு கண்ண மூடினேன். ஓரத்தோட பார்வய ஓட்னேன். நூலு புடிச்ச மாரி போவுது சார், போவுது, போவுது, அந்த முனையில போயி பாத்தா, ஒரு கண்ணு.

எங்கண்ணன் கண்ணு. அவுரும் அந்த பக்கம் குந்திகினு, ஒரு கண்ண மூடிகினு இந்த பக்கம் பாக்கறாரு. கண்ணும் கண்ணும் நேரா. அவுரு மூடல, நானும் மூடல. கண்ணுல புர விழ ஆரம்பிச்சி கீது சார் அவுருக்கு. ஓரத்துல வெள்ளயா, வெயில்ல பளிச்சினு தெர்து. எனுக்கு தெரியவே தெரியாது. பக்கத்து போர்ஷன்ல இருந்துகினு, தெர்ல.

இன்னா பண்ணோமா? ரெண்டு பேரும் டக்குனு எழுந்துட்டோம். அவுரு சபீனா மேடம்கிட்ட, இது கோணலா கீது மேடம்னாரு. நானும் அவசரத்துல ஆமா மேடம் கோணல்னுட்டேன். எத்தினியோ வருசம் கழிச்சி நாங்க ரெண்டு பேரும் ஒரே விஷயத்த ஒத்துகினது அதுதான். அது பொய்யி. அந்தம்மா மீட்டர், கயிறு எல்லாம் வெச்சி பாத்துட்டு, இந்த கடையிலயே இதுதான் நேரான மரம், இது கோணல்னா நீங்கதான் கோணல்னு சொல்லிட்டு உள்ள பூட்டாங்க. கிருஷ்ணப்பிரியா குரூப்புல ஒரு வார்த்த போடல. ரெண்டு ஊட்லயும் சாப்ட வர்ல. எங்கூட்ல மீன் கொழம்பு அப்டியே மீந்துச்சி சார். அதான் ரெண்டு பேரும் பயந்துட்டோம்.

தோ, அதோ அந்த கட்ட மேல நீட்டமா கீதே, அதான் அந்த மரம். நல்ல வேள யாரும் எடுத்தும்போவல. நீங்க கேட்டா கூட நான் தர மாட்டேன்.

பொண்ணு இன்னா சொல்லிச்சா? எதுக்கு? ஒரே உத்தரமா ரெண்டான்னா? அது... அது இன்னா சொல்லிச்சின்னா, ரெண்டும் நிக்கும் சித்தப்பா, எது போட்டாலும் உழாது, ரெண்டு துண்டுன்னா இரும்புல ஒரு தாங்கி அடிச்சிட்டா போதும்னுச்சி. ஆரம்பத்துலயே சொல்லிடுச்சி. நாந்தான் அத்த யார்கிட்டயும் சொல்லிக்கல.

ஏன்னா சார், கொஞ்ச நாள் முன்னால அவுரு காலையில வண்டிகிட்ட ஒண்ணு சொன்னாரு. நான் இந்த பக்கம் பல்லு வெளக்கிகினு கீறேன். ஏ வண்டி, இனிமே எதுக்கு இங்க, எம்பாதிய வித்துட்டு உன்ன பூந்தமல்லிக்கு இட்டுகினு பூடறேன், அங்க லிப்ட்டு வெச்ச பிளாட்டாம், முட்டி வலிக்கு நல்லதாம்னாரு. நான் வாயில நுரயோட அப்டியே நின்னுகினு கீறேன். தேவிப்பிரியா வந்து, இன்னாயா, பேஸ்ட்ட முழுங்கறன்னா. முழுங்கிட்டேன் சார். ரெண்டு நாளு வவுறு சரியில்ல.

ரெண்டு துண்டா போட்டா அவுரு தன் பாதிய வித்துட்டு போவலாம். ஒரே உத்தரமா போட்டா எப்டி போவ முடியும்? பாதி உத்தரம் பக்கத்தூட்ல மாட்டிகினு கீற ஊட்ட எவன் சார் வாங்குவான்? கணு, முறுக்கு, பாரம் எல்லாம் உண்மதான். ஆனா இதுக்குதான்.

இல்ல, மெதுவா எதுக்கு பேசணும். அவுரு காதுல உழணும்னுதான் பேசறேன். நீங்க வர்ரதுக்கு முன்னாடிலருந்து அங்கதான் குந்திகினு கீறாரு, அந்த பிளைவுட்டு அடுக்குக்கு அப்பால. தயிர்சாதம் துன்னுகினு. பொண்ணு கோவத்துக்கு பயந்து ஒரே ஷேர் ஆட்டோலதான் வந்தோம், அவுரு டிரைவர் பக்கத்துல, நான் பின்னால. திரும்பாதீங்க சார். கோச்சிக்காதீங்க, நீங்க வந்து கேட்டதும் எனுக்கு ஒரு புடி கெடச்ச மாரி ஆயிடுச்சி. முட்டி வலின்னா மாடி ஏற வாணாம், கீழயே இருக்கட்டும். கண்ணு ஆபரேசன்னா நான் லீவு போட்டு இட்டுகினு போறேன். இத்த மிக்சிகிட்ட சொன்னா கேக்காது சார், சத்தம்.

டப்பா மூடறாரு. எழுந்துட்டாரா? நான் பாக்க மாட்டேன், நீங்க பாத்து சொல்லுங்க. ரோட்டு பக்கமா போறாரா? இல்லியா. பின்ன? அந்த மரத்துகிட்டயா. சுத்தி கீதா கையில? இல்லியா. குந்தறாரா? எந்த கண்ண மூடிகினு கீறாரு? இன்னாது, தூக்கறாரா?

கொஞ்சம் தள்ளிக்கோங்க சார். ண்ணா, இரு. நீ ஒண்டியா தூக்காத, முட்டி போயிடும்.